கொதியாத குருதி

கோயிலும் பட்டும் காஞ்சிபுரத்தின் இரு கண்கள். அந்நகரின் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் தறியோசை கேட்கும் வீடுகள் இன்றும் உள. தரையில் அமைந்த குழியுள் கால்களை இறக்கி அமர்ந்து, மிதியை மிதித்தும் நாடாவை எறிந்தும் நாள் முழுதும் நெய்கின்றார் நெசவாளர். பாவில் உள்ள ஆயிரக்கணக்கான பட்டிழைகளுள் ஒன்று அறுந்தாலும் அவர் கண்ணுக்கு அது தப்பாது. உடனே கையை நிறுத்தி முடிச்சிட்டுவிடுவார். அத்துணைக் கூரிய கண்ணுடையவரும் தம் உடலினுள்ளே பல்லாண்டுகளாக வளர்ந்துவரும் ஒரு நோயை அறியாதிருத்தல் உண்டு. உயர் இரத்த அழுத்தம் என்பது அதன் பெயர்.

இதயம் சுருங்கும்போது குருதி நாளங்களுக்குள் உந்தப்படுகிறது. அப்போது நாளங்களின் சுவர்மீது தாக்கும் விசையை மேல் எண்ணாலும், இதயம் தளர்ந்து விரியும்போது எஞ்சி நிற்கும் விசையைக் கீழ் எண்ணாலும் குறிப்பர். அழுத்தம் பாதரசத்தை எத்தனை மில்லிமீட்டர் உயர்த்தும் என்பதே அதற்குரிய அளவை. 120, 80 என்னும் எண்களை ஒட்டி இருப்பது நலம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 ஆகவோ கீழ் எண் 90 ஆகவோ அதற்கு மேலாகவோ காணப்படின், அதனை நோயென மருத்துவர் கொள்வர். கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை இத்தாலி நாட்டு மருத்துவர் ரிவா ரோச்சி 1896-இல் அமைத்தார். நாளத்தின் ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் முறையை உருசிய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் கண்டார். நாடி பிடித்துப் பார்ப்பவர் விரலுக்குத் துடிப்பின் விரைவும் சீரும் புலப்படும். அழுத்தத்தின் அளவைக் கருவியே கூறவேண்டும்.

இந்நோய்க்கு நம் மக்கள் இட்டு வழங்கும் பெயர் இரத்தக் கொதிப்பு என்பதாகும். தமிழாசிரியனாகிய எனக்கு இப்பெயர்மீது நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. கொதிப்பு என்றால் சூடு, சினம், படபடப்பு ஆகியன நினைவுக்கு வருகின்றன. "எனக்குக் கோபமே வராதே, எனக்கு ஏன் கொதிப்பு வரப்போகிறது?" என்று அமைதியே வடிவான ஒரு மூதாட்டியார் என்னிடம் வினவியதுண்டு. உண்மையில் குருதி கொதிப்பதும் இல்லை, சூடேறுவதும் இல்லை. சாந்தமான மனிதர்க்கும் இந்நோய் வரும். மெலிந்த உடலினர்க்கும் வரும். பெயர் கேட்டு மயங்கியவர்கள், உடம்பு சுடவில்லை, தலை சுற்றவில்லை என்று கருதி, அளந்து பார்க்காமலே இருந்துவிடுகின்றனர். சிற்றூர் மக்கள் 'பிரஷர்' என்று சொல்லும் ஆங்கிலச் சொல் இவ்வகையில் குற்றமற்றது. அஃது அழுத்தத்தை அழுத்தம் என்றே சொல்கிறது.

ஆகவே இந்நோய் உடையவர் பலரும் அதனைத் தற்செயலாகவே அறிகின்றனர். பட்டு நெய்யும் என் நண்பர் ஒருவர், நுண்ணிழை கண்ணுக்கு மங்குகிறதென்று மூக்குக் கண்ணாடி வாங்கச் சென்றார். கண் மருத்துவர் விழியின் உட்புறத்தைக் கருவியால் நோக்கி, "உமக்கு இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது?" என்று கேட்டாராம். விழித்திரையின் மெல்லிய நாளங்களில் அழுத்தத்தின் சுவடு தெரியும். நண்பர் அதுவரை ஒரு நாளும் அளந்து பார்த்தவர் அல்லர். அன்று அவருடைய மேல் எண் 180-ஐத் தாண்டியிருந்தது. அன்று காலையிலும் அவர் வழக்கம்போல் தறியில் அமர்ந்து நெய்துவிட்டே வந்திருந்தார். அவரைப் போன்றோர் சிலர் அல்லர். உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோருள் ஏறக்குறைய 128 கோடிப் பேர்க்கு இந்நோய் இருப்பதாகவும், அவர்களுள் பாதியளவினர் தமக்கு அது இருப்பதையே அறியாதிருப்பதாகவும் 2021-இல் உலக நலவாழ்வு நிறுவனம் தெரிவித்தது.

அறிந்த பின்னும் இடர் தீர்வதில்லை. பிற நோய்களில் மருந்து உண்டால் வலி குறையும், காய்ச்சல் தணியும். இங்கோ மருந்து உண்பதற்கு முன்னும் வலி இல்லை, பின்னும் வலி இல்லை. நன்மை கண்ணுக்குத் தெரியாது. தொல்லையோ முதல்வாரத்திலேயே தெரியும். ஒருவகை மாத்திரையால் கணுக்கால் வீங்கலாம். மற்றொன்றால் வறட்டிருமல் உண்டாகலாம். சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரையும் ஒன்று உண்டு. குழித்தறியில் அமர்ந்த நெசவாளர்க்கு இது சிறிய செய்தி அன்று. ஒவ்வொரு முறையும் நாடாவை வைத்துவிட்டு, குழியினின்று ஏறி இறங்கவேண்டும், வேலை தடைப்படும், கூலியோ நெய்த சேலைக்கே கிடைக்கும். ஆகவே என் நண்பர் ஒருவரையும் கேளாது அம்மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த முறை எண் ஏறியிருப்பதைக் கண்ட மருத்துவர் வினவ, நடந்ததைக் கூறினார். மருத்துவர் சினவாமல் வேறொரு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். இதனைச் சொல்வதற்கு அவர் மூன்று மாதம் தயங்கியிருந்தார் என்பதே எனக்கு வியப்பு.

வேறு சிலர் எண் சரியாகிவிட்டது என்பதைக் கேட்டவுடன், நோய் நீங்கிற்று என மகிழ்ந்து மருந்தை விடுகின்றனர். எண் சரியானது மருந்தினால் அன்றோ! ஏகாதசியில் உபவாசம் இருப்போர் சிலர் அன்று மாத்திரையையும் தவிர்க்கின்றனர். விரத நாளில் மருந்தை எவ்வாறு உண்பது என்று மருத்துவரிடம் முன்னமே கேட்டுக்கொள்வோர் மிகச் சிலரே.

மருந்தை விடுவதால் வரும் கேடு ஒரே நாளில் வருவதன்று. பாவை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் இழை அறும் என்பதை நெசவாளர்க்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அறும் வரையில் அவ்விழை பார்வைக்கு நல்லிழையாகவே தோன்றும். நாளங்களும் அத்தகையனவே. மிகுந்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கித் தடித்தும் விறைத்தும் போகின்றன, இதயம் மிகை உழைப்பால் சோர்கிறது, சிறுநீரகம் பழுதுறுகிறது. மூளையின் நாளம் வெடித்தாலோ அடைபட்டாலோ பக்கவாதம் வரும். காஞ்சியின் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தன. அவற்றைப் பிணைத்து நெய்தற்கு ஒரு தறியில் இருவர் வேண்டும். ஒருவர் கை முடங்கினால் தறி நிற்கும். துணையாக இருந்தவர் பிழைப்பும் அதனோடு நிற்கும்.

செல்வமும் சிறந்த மருத்துவரும் உடையோர்க்கும் ஒரு காலத்தில் இதற்கு வழி இருந்ததில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ரூசுவெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஆய்ந்தபோது அழுத்தம் 186, 108 என இருந்தது. உப்பைக் குறைத்தல், ஓய்வு, சில மருந்துகள் என்பனவற்றுக்கு மேல் அன்று செய்தற்கு ஒன்றுமில்லை. 1945 ஏப்பிரல் 12-ஆம் நாள் மூளையில் குருதி கசிந்து அவர் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1949-இல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி என்னும் நம் நாட்டு மூலிகையின் வேர் இவ்வழுத்தத்தைத் தணிப்பதை ஆங்கிலேயரின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகமே அம்மூலிகையை நோக்கித் திரும்பியது. நம் வேர் பெற்ற பெருமை இது. ஆயினும் அதன் சத்து சிலர்க்குக் கடும் மனச்சோர்வை விளைத்ததும் பின்னர்த் தெரியவந்தது. இன்று அதனினும் நல்ல மருந்துகள் உள்ளமையால் அதனை அரிதாகவே வழங்குகின்றனர். பச்சிலை எதுவும் தீங்கு செய்யாது என்று சொல்வோர் இதனை நினைத்தல் வேண்டும்.

இனி அடுக்களைக்கு வருவோம். ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பும் இதில் அடங்கும். நோயுற்றவர்க்கென்று தனிக்கலத்தில் உப்பில்லாக் குழம்பு வைத்த வீடுகளில் அம்முறை நெடுநாள் நிலைப்பதைக் காணோம். தனக்கு மட்டும் ஒறுப்பு என்று நினைக்கும் மனிதர் ஊறுகாய்ச் சாடியைத் தேடிப்போவார். வீட்டார் அனைவர்க்கும் சிறிது சிறிதாக உப்பைக் குறைத்த இல்லத்தரசியரோ வெற்றி கண்டுள்ளனர். சில வாரங்களில் நாவும் அதற்குப் பழகிவிடுகிறது. புகையிலையை விடுதல் இதனினும் கடினம் என்பர், வெற்றிலையோடு அதனை மென்று பழகியோர்.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. நடந்து வந்த களைப்போடு அளத்தல் ஆகாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கவைத்து, பேசாதிருந்து அளக்கவேண்டும். அதற்கு முன் அரைமணி நேரம் காப்பி கூடாது. மருத்துவரைக் கண்ட அச்சத்தாலேயே எண் ஏறுவோரும் உளர். அவர்க்கு வீட்டில் அளப்பது நல்லது.

நெசவாளர்க்கு மருத்துவமனை வரிசையில் நிற்பதென்பது ஒரு நாட் கூலியை இழப்பதாகும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில் பெண் ஊழியர்கள் வீடுதோறும் சென்று அழுத்தத்தை அளந்து, மாத்திரைகளையும் வழங்கத் தலைப்பட்டனர். என் நண்பர் வீட்டிற்கும் அவ்வாறே ஓர் அம்மையார் வந்தார். தறியை நிறுத்திக் குழியினின்று ஏறிவந்தவரை அவர் உடனே அளக்கவில்லை. நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னார். வாய் ஓயாது பேசும் நண்பர்க்கு அவ்வைந்து நிமிடமே பெருந்துன்பம். பின்பு கண்ட எண்ணை, சரிகை எடையும் கூலியும் குறித்து வைக்கும் ஏட்டிலேயே தேதியிட்டு எழுதிக்கொண்டார்: 134, 84.