கட்டி தட்டாத களி

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் களி கிண்டுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் நொய் வேகும். அது குழைந்ததும் கேழ்வரகு மாவை மேலே குவியலாகக் கொட்டுவார்கள். உடனே கிண்டமாட்டார்கள். களிக்கட்டையால் நடுவில் ஒரு குழி போட்டு, மூடிவைத்து, மாவு வேகும்வரை காத்திருப்பார்கள். கிண்டுவது அதற்குப் பிறகுதான், அதுவும் தோள் வலிக்க. அவசரப்பட்டு முன்னாலேயே கட்டையைச் சுழற்றினால் கட்டி தட்டிவிடும். பார்க்க உருண்டை உருண்டையாக அழகாக இருக்கும். பிட்டால் உள்ளே பச்சை மாவு.

மறுவாழ்வு ஆய்விதழ்களிலிருந்து திரும்பி வரும் கட்டுரைகளுக்கும் பெரும்பாலும் இதே நோய்தான். ஆங்கிலம் சரியில்லை என்று எழுதியவர் நினைத்துக்கொள்வார். உள்ளே மாவு வேகாததுதான் காரணமாக இருக்கும்.

ஒரு உதாரணத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். சிப்காட், சிட்கோ பட்டறைகள் நிறைந்த ஓசூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட். பவர் பிரஸ்ஸில் விரல் இழந்த 20 தொழிலாளர்களுக்கு ஆறு வாரம் கைப்பயிற்சி கொடுக்க நினைக்கிறார். நல்லது நடந்தால் அதை எழுதி ஒரு இதழுக்கு அனுப்பவேண்டும். எங்கே தொடங்குவது?

சாப்பிடப் போவது யார் என்பதிலிருந்து. அதே கேழ்வரகு மாவுதான். அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையைத் தாண்டினால் பெயர் முத்தே, அங்கே மெல்லாமல் விழுங்குவார்கள். இதழ்களுக்கும் இப்படி வாய்ருசி உண்டு. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரிலிருந்து மாயா தாமஸ் ஆசிரியராக இருந்து நடத்திய ஏசியா பசிபிக் டிசபிலிட்டி ரிஹாபிலிடேஷன் ஜர்னல், 2011-இல் டிசபிலிட்டி, சிபிஆர் அண்ட் இன்க்ளூசிவ் டெவலப்மென்ட் என்று பெயர் மாறியது. சிபிஆர் என்றால் சமூகம் சார்ந்த மறுவாழ்வு. நம் பிசியோதெரபிஸ்ட் வீடு வீடாகப் போய், குடும்பத்தாரையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்திருந்தால் அந்தப் பந்தி பொருந்தும். டெய்லர் அண்ட் ஃப்ரான்சிஸ் வெளியிடும் டிசபிலிட்டி அண்ட் ரிஹாபிலிடேஷன் இதழோ, சிகிச்சை செய்கிறவர் நாளைக் காலையில் எதை மாற்றிச் செய்யலாம் என்று இரண்டு மூன்று வரிகளில் தனிப் பெட்டியாகக் கேட்கும். கட்டுரை முழுவதையும் எழுதிவிட்டு இதழ் தேடுவது, களி கிண்டிவிட்டு விருந்தாளிக்குச் சோறுதான் பிடிக்கும் என்று அறிவதைப் போன்றது.

அடுத்தது உலை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் அடுப்பு மூட்டும் முன்பே கையில் இருக்கவேண்டும். சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவும் வேண்டும். 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேடு, 2018 ஏப்ரல் 1-இலிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் வரும் ஆய்வுகளை மட்டுமே ஏற்கிறது. ஆறு வாரம் முடிந்தபின் போய் நின்றால் பதிவு கிடையாது. பதிவு இல்லையென்றால் பெரிய இதழ்கள் கட்டுரையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிவிடும். சம்மதம் வாங்கும் இடத்திலும் ஒரு எச்சரிக்கை. கம்பெனி மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளி போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் கொள்ளமாட்டேன். ஆளைத் தனியாக உட்காரவைத்து, அவருடைய மொழியில் சொல்லிக் கேட்கவேண்டும்.

இனி அளவு. கையின் நிலையை அறிய உலகெங்கும் புழங்கும் கேள்வித்தாள் டாஷ். 30 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடக்கூட இயலாமை அதிகம், 27 கேள்விகளுக்காவது பதில் இல்லையென்றால் மதிப்பெண் போடமுடியாது. இறுக்கமான ஜாடி மூடியைத் திறப்பது, எழுதுவது, சாவியைத் திருப்புவது என்று போகும் பட்டியலில் நான்காவது, உணவு தயாரிப்பது.

இந்த நான்காவது கேள்வியில் கொஞ்சம் நிற்கவேண்டும். ரொட்டியில் வெண்ணெய் தடவுவதும் உணவு தயாரிப்பதுதான். காலால் பானையை அணைத்து, இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக் களி கிண்டுவதும் உணவு தயாரிப்பதுதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போன கைக்கு இரண்டும் ஒன்றா? 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, முழு ஆள்காட்டி விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம், நடுவிரல் போனால் 12 சதவீதம், கட்டைவிரல் போனால் 30 சதவீதம் இழப்பு என்று வகுத்தது. அந்த எண்ணுக்குள் களிக்கட்டை இல்லை. மறுவாழ்வு இதழ் கேட்பது அந்தக் களிக்கட்டையைத்தான். எனவே கேள்வித்தாளின் எந்த மொழிப் பதிப்பு, அது முறையாக மொழிபெயர்த்துச் சரிபார்க்கப்பட்டதா, தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் ஊரில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்யும் பட்டறையில், யாருக்கு யார் எந்த மொழியில் படித்துக் காட்டினார்கள் என்பதெல்லாம் கட்டுரையில் வரவேண்டும். பலர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அந்தக் கட்டுரையின் உயிர்.

அடுத்து செய்முறை. ‘கை வலுப்படுத்தும் பயிற்சிகள் அளிக்கப்பட்டன’ என்று எழுதினால் அது ‘தேவையான அளவு உப்பு’ என்பதைப் போன்றது. அம்மாவுக்குப் போதும், ஃபரிதாபாத்திலோ கோயம்புத்தூரிலோ இன்னொரு பிரஸ் தொழிலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தெரபிஸ்டுக்குப் போதாது. யார் கொடுத்தார், எங்கே, வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம், வலி வந்தால் என்ன குறைத்தார், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள்: இதையெல்லாம் கேட்கும் 12 அம்சப் பட்டியல் ஒன்று டைடியர் என்ற பெயரில் 2014-இல் வந்தது. கையால் பிசையும் பயிற்சிக் களிமண்ணைச் ‘சிவப்புப் புட்டி’ என்று மட்டும் எழுதக்கூடாது. ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொரு கம்பெனியின் சிவப்பைவிட இறுக்கமாக இருக்கலாம். பிடிவலுவை ஜாமர் கருவியில் அளந்தால், கைப்பிடியை இரண்டாம் நிலையில் வைத்து மூன்று முறை அழுத்திய சராசரி என்று சொல்லவேண்டும். அதே 2014-இல் இத்துறையின் குறைந்தது 28 இதழ்கள் ஒன்றுசேர்ந்து, இத்தகைய அறிக்கை விதிகளைக் கட்டாயமாக்கின. இதழின் வலைத்தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். அதை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு அம்சமும் கட்டுரையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்தாலே பாதிக் கட்டிகள் உடைந்துவிடும்.

மார்கழி, தை மாதங்களில் இங்கே அவரைக் கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பார்கள். பொறுமையான வேலை. தொழிலாளியின் அடையாளத்தை நீக்குவதும் அப்படித்தான். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. வயது 34, பிரஸ் ஆபரேட்டர், இடது கையில் இரண்டு விரல், விபத்து நடந்த மாதம், தொழிற்பேட்டையின் பெயர் என்று வரிசையாக எழுதினால், அந்தத் தெருவில் டீ குடிக்கிறவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அவர் பிழைப்புக்கே கேடு. ஆய்வுக்குத் தேவையான பருப்பு நிற்கவேண்டும், தோல் போகவேண்டும்: வயதைப் பத்தாண்டு அடைப்பாக, ஊரை மாவட்டமாக, மாதத்தை ஆண்டாக. கையின் புகைப்படத்தில் மோதிரம், பச்சை குத்தியது, பழைய தழும்பு எதுவும் அடையாளம்தான். படத்துக்குத் தனிச் சம்மதம் வாங்கவேண்டும்.

சொற்களையும் இதழ் பார்க்கும். ஒப்பீட்டுக் குழு இருந்து, அதை ‘சாதாரணமானவர்கள்’ என்று எழுதினால் மற்றவர்கள் யார் என்ற கேள்வி வரும். ‘காயமில்லாதவர்கள்’ என்றால் சரி. ‘பாதிப்பால் அவதிப்படும்’ என்ற அடைமொழியும் வேண்டாம்; அவதியை அளந்திருந்தால் எண்ணைத் தரலாம்.

யார் பெயர் போடுவது என்ற சண்டை எல்லாச் சமையலறையிலும் உண்டு. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைக்கிறது: திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் வேண்டும். அடுப்பு கொடுத்த துறைத்தலைவருக்கு நன்றி சொல்லலாம். அவர் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்க்கமுடியாது.

மேற்கோள் வடிவம், எழுத்தளவு, அட்டவணைகளின் வரிசை இவையெல்லாம் பரிமாறும் தட்டு; இதழ் சொல்வதை அப்படியே செய்தால் முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மதிப்பீட்டாளருக்குச் சமைத்தவர் யாரென்று தெரியாதபடி அனுப்பச் சொன்னால், நெறிமுறைக் குழு இருக்கும் கல்லூரியின் பெயரையும் கட்டுரைக் கோப்பிலிருந்து எடுத்துத் தலைப்புப் பக்கத்தில் தனியாகத் தரவேண்டும். ஒரு சமயத்தில் ஒரு இதழுக்குத்தான் அனுப்பவேண்டும்.

சில மாதங்கள் கழித்து மதிப்பீடு வரும். ‘20 பேர்தானே, ஒப்பிட வேறு குழு இல்லையே, இயல்பாகவே தேறியிருக்கலாமே’ என்று ஒருவர் எழுதியிருப்பார். அவர் சொல்வது சரி. களி வெந்ததா என்று ஈரக்கையால் தொட்டுப் பார்ப்பதுதான் அது. ஒட்டினால் இன்னும் வேகவேண்டும். கோபப்படாமல் ஒவ்வொரு குறிப்பையும் எடுத்தெழுதி, அதற்குக் கீழே என்ன திருத்தினோம், எந்தப் பக்கத்தில், திருத்தாவிட்டால் ஏன் என்று பதில் தரவேண்டும். ‘பயிற்சியால் குணமானது’ என்று எழுதியதை ‘பயிற்சிக் காலத்தில் மதிப்பெண் குறைந்தது’ என்று மாற்றுவதில் ஒரு குறைவும் இல்லை. உண்மையாக நடந்தது அதுதான்.

ஏற்றுக்கொண்டபின் அச்சுக்கு முந்தைய பிரதி வரும், பெரும்பாலும் இரண்டே நாள் கெடுவோடு. நம் பிசியோதெரபிஸ்ட் அன்றிரவு தன் பழைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அட்டவணையில் இருக்கும் 20 கைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டும், எது இடது, எது வலது, எந்த விரல் என்று.