பூ மட்டும் பளிச்சிட ஒரு கிளிப்பிங் மாஸ்க்

பாடத்துக்கான படங்களை நாமே கணினியில் தயாரிக்கும்போது ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. செல்பேசியில் எடுத்த செம்பருத்திப் பூவின் படம் இருண்டிருக்கும். பூவை மட்டும் வெட்டியெடுத்து, இளமஞ்சள் பின்னணியில் வைத்து, அல்லி வட்டம், புல்லி வட்டம் என்று பெயர்களையும் எழுதிவிடுவோம். அதன்பின் பூவுக்கு வெளிச்சம் கூட்டினால், பின்னணியும் சேர்ந்து வெளுத்துப் போகும்.

போட்டோஷாப்பிலும், உலாவியிலேயே இலவசமாக இயங்கும் போட்டோபியாவிலும் படம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களைப் போன்றது. ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். ஒளியைக் கூட்டும் ‘லெவல்ஸ்’ போன்ற வசதியை அட்ஜஸ்ட்மென்ட் லேயராகச் சேர்த்தால், அது தனக்குக் கீழே உள்ள அத்தனை லேயர்களையும் மாற்றும். மேலே உள்ள எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த மாற்றத்தைப் பூவோடு நிறுத்திவிடுவதுதான் கிளிப்பிங் மாஸ்க். அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் பூவின் லேயருக்கு நேர் மேலே வைத்துத் தேர்வு செய்யுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், ஜி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். பட்டியலில் அந்த லேயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய சிறு அம்புக்குறி தோன்றும். அதே விசைகளை மீண்டும் அழுத்தினால் பிணைப்பு நீங்கிவிடும்.

இனி, கீழ் லேயரில் பூ இருக்கும் இடத்தில் மட்டுமே மாற்றம் தெரியும், வெற்றிடத்தில் தெரியாது. பலர் தடுமாறுவது இங்கேதான். பூவைச் சுற்றியுள்ள இலை, சுவர் எதையும் நீக்காத முழுப் படம் என்றால் அதில் வெற்றிடமே இல்லை. படம் முழுதும் வெளுக்கும். கிளிப்பிங் மாஸ்க் பூவைத் தேடிக் கண்டுபிடிக்காது. வெட்டும் வேலை நம்முடையதே. அதை ஒருமுறை செய்துவிட்டால் போதும், பூவை எங்கே நகர்த்தினாலும் மாற்றமும் கூடவே போகும். ஒரே பூவின்மேல் இரண்டு மூன்று அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களையும் இப்படிப் பிணைக்கலாம். கோப்பை பிஎஸ்டி வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கில் லேயர்கள் தங்காது.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒன்று. நிறமே விடையாக உள்ள படத்தில் இந்த வசதி வேண்டாம். பிஎச் தாளை அதன் வண்ண அட்டையோடு சேர்த்து ஒரே படமாக எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தாளை மட்டும் வெட்டி வெளிச்சம் கூட்டினால், அட்டையில் வேறொரு எண்ணுக்குரிய நிறத்தோடு அது பொருந்திவிடலாம். மாணவரும் அந்த எண்ணையே எழுதுவார். அங்கே படம் முழுவதையும் ஒரே அளவில் திருத்துங்கள், அல்லது எடுத்தபடியே விட்டுவிடுங்கள்.