குடத்தில் ஓலை, கல்லில் தகடு

ஜவ்வாது மலை நேயர்களுக்கு, அதிலும் ஜமுனாமரத்தூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். வரலாற்றுப் பாடத்தில் ஏதென்ஸ் வந்தால், எங்கோ இருக்கிற ஊர் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் அங்கே 500 பேர் அவைக்குக் குலுக்கலில்தான் ஆள் எடுத்தார்கள். வழக்கு விசாரிக்கும் குடிமக்களைத் தேர்ந்தெடுக்க, வரிசையாகத் துளையிட்ட கல்லில் பெயர்த் தகடுகளைச் செருகினார்கள்.

மலையிறங்கிக் கிழக்கே போனால் நம் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். இங்கே ஊர்ச் சபையின் குழுக்களுக்கு ஆள் எடுத்ததும் குலுக்கலில்தான். ஊரில் 30 குடும்புகள், அதாவது பகுதிகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி: முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் ஓலை கிடையாது!

ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. உத்திரமேரூரிலும் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே. அதையும் வகுப்பில் சொல்லத்தான் வேண்டும்.

ஆசிரியர்களே, அடுத்த வகுப்புத் தலைவரை ஒரு பானை வைத்தே எடுத்துப் பாருங்கள். சீட்டை எடுப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கட்டும்.