கையடக்க வீடியோ கேம்: சரக்கு எடுக்குமுன் ஒரு வார்த்தை

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் பொம்மை, ஸ்டேஷனரி, ஃபேன்ஸி சாமான் வைத்திருக்கும் நமது உறுப்பினர்களிடம் கையடக்க வீடியோ கேம் கேட்டு ஆள் வருவது வழக்கமாகிவிட்டது. மளிகைக் கடைகளிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் நாலு பெட்டி தொங்குவதைப் பார்க்கலாம். கேட்பவர்கள் பிள்ளைகள் மட்டும் அல்லர். 1990களில் டி.வி. பெட்டியில் கேசட் சொருகி மேரியோவும் கான்ட்ராவும் ஆடிய சிறுவர்கள் இன்று நாற்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள். பழைய ஆட்டத்தை மறுபடி ஆட அவர்களுக்கு ஆசை. கையில் காசும் இருக்கிறது. வியாபாரிக்கு இது நல்ல சங்கதிதான். ஆனால் இந்தச் சரக்கின் உள்விவரம் தெரியாமல் பெட்டி பெட்டியாக இறக்கிவிடக் கூடாது.

சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு ரகம். சில நூறு ரூபாய்க்கு வரும் "400 இன் 1" பெட்டி முதல் ரகம். ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி 1983ல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியை ஒரே சிப்பில் நகல் செய்து, ஆட்டங்களை உள்ளேயே பதித்து அனுப்புகிறார்கள். நானூறு என்று அட்டையில் இருந்தாலும் ஒரே ஆட்டம் பெயர் மாறிப் பல தடவை வரும். புதிதாக எதையும் சேர்க்க முடியாது. ஆடிய இடத்தைச் சேமித்து வைக்கவும் வழியில்லை. இதில் உள்ள ஒரே சௌகரியம், பழைய நோக்கியா போனுக்குப் போட்ட பி.எல்-5சி மாதிரி பேட்டரிதான் பெரும்பாலும் இருக்கும். கெட்டால் செல்போன் கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது ரகம் ஒரு சிறிய கம்ப்யூட்டர் என்றே சொல்ல வேண்டும். பழைய கருவியின் வேலையைப் புதிய சிப்பில் அப்படியே செய்து காட்டும் மென்பொருள் இதில் இருக்கும். அதற்கு எமுலேட்டர் என்று பெயர். சீனத்து ஆன்பெர்னிக் கம்பெனியின் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ், மியூ கம்பெனியின் மினி பிளஸ் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. வெளிவந்த காலத்தில் வெளிநாட்டு விலை 60 டாலரை ஒட்டி இருந்தது.

இந்த ரகத்தைக் கேட்டு வருபவரிடம், "எந்தக் காலத்து ஆட்டம் வேண்டும்?" என்று முதலில் விசாரிக்க வேண்டும். மேரியோ, கான்ட்ரா, கேம் பாய் வரை போதும் என்றால் மிகச் சாதாரணக் கருவியே தாராளம். 1994ல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் ஆட்டங்கள் வேண்டுமென்றால் மேலே சொன்ன இரண்டும் ஈடுகொடுக்கும். அதற்குப் பின்னால் வந்தவற்றில் பல இந்த விலைக்குள் அடங்காது. அடங்கும் என்று சொல்லி விற்றால் மறுநாளே திரும்பி வரும்.

திரையில் அங்குலத்தை மட்டும் பார்த்தால் போதாது, புள்ளிக் கணக்கும் பார்க்க வேண்டும். கேம் பாய் படம் 160க்கு 144 புள்ளி. மும்மடங்கு ஆக்கினால் 480க்கு 432. அது 640க்கு 480 திரையில் பிசிறில்லாமல் உட்காரும். பிளேஸ்டேஷன் படம் பெரும்பாலும் 320க்கு 240; இரட்டித்தால் திரை சரியாக நிரம்பும். மேற்சொன்ன இரண்டு கருவிகளுக்கும் 3.5 அங்குலத்தில் இதே 640க்கு 480 திரைதான்.

திரும்பி வரும் சரக்கில் முக்கியமான புகார் "சார்ஜ் ஏறவில்லை" என்பது. பல தடவை கருவியில் கோளாறே இருக்காது. இரு முனையும் டைப்-சி ஆன சார்ஜர், எதிர்முனையில் கருவி இருப்பதை அறிந்த பிறகே மின்சாரம் விடும். அதை அறிவிக்கும் சின்ன ரெசிஸ்டரை விலை குறைந்த சில கருவிகளில் வைப்பதில்லை. ஒரு முனை பழைய செவ்வக யூ.எஸ்.பி. ஆன கேபிளைப் போட்டால் சார்ஜ் ஏறிவிடும். விற்கும்போதே அந்தக் கேபிளைக் கொடுத்துவிட்டால் வீண் சச்சரவு இல்லை. கூட வரும் பெயரில்லாத மெமரி கார்டும் சீக்கிரம் கெடும். நல்ல கம்பெனிக் கார்டு தனியாக வாங்கச் சொல்வது நியாயம்.

அந்தக் கார்டில்தான் நமக்கு ஆபத்தும் இருக்கிறது. எமுலேட்டர் மென்பொருள் வேறு, அதில் ஓடும் ஆட்டம் வேறு. ஆட்டங்களுக்கு உரிமையாளர் உண்டு. 1985ஆம் ஆண்டின் மேரியோவாக இருந்தாலும் பதிப்புரிமை இன்னும் காலாவதி ஆகவில்லை. பல்லாயிரம் ஆட்டங்கள் நிரப்பிய கார்டோடு கருவியை விற்பதும், கடையில் விற்பனைக்கு மாட்டி வைப்பதும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மீறல். தெரிந்தே செய்தால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். இது வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர உரிமையில்லாத குற்றம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. "மொத்த வியாபாரி கொடுத்தார், நான் விற்றேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என எண்ண வேண்டாம். பில் இல்லாமல் வந்த சரக்கென்றால் கொடுத்தவர் யார் என்பதைக்கூட நிரூபிக்க முடியாது. "400 இன் 1" பெட்டியில் கார்டைக் கழற்றிவிட்டு விற்கவும் வழியில்லை; ஆட்டம் உள்ளேயே இருக்கிறது. முப்பது ரூபாய் லாபத்துக்கு இது தேவையா?

பருப்பு பாக்கெட்டில் நாம் தேடும் விவரங்களை இந்தப் பெட்டியிலும் தேட வேண்டும்: இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை. வீடியோ கேம் 2012 முதலே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கிறது. பெட்டியில் உள்ள ஆர்-எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் உண்மையா என்று உடனே தெரிந்துவிடும்.

காலிக் கார்டோடு விற்றால் யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. இதற்கென்றே உரிமம் பெற்று வந்த கருவிகள் உண்டு. பிரிட்டனின் பிளேஸ் கம்பெனி 2020ல் எவர்கேட் என்ற கருவியை உரிமம் பெற்ற கேசட்டுகளுடன் வெளியிட்டது. 2023ல் அவர்களே சூப்பர் பாக்கெட் என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தார்கள். ஒரு பதிப்பில் டைட்டோ கம்பெனியின் 18 ஆட்டங்கள், இன்னொன்றில் கேப்காமின் 12 ஆட்டங்கள். விலை 50 பவுண்டை ஒட்டி. நானூறுக்குப் பதில் பன்னிரண்டா என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டும் வெவ்வேறு ஆட்டங்கள். முறையான இறக்குமதியாளர் பில்லோடு கொடுத்தால் முதலில் இரண்டு மட்டும் எடுத்து வைத்துப் பாருங்கள்.