முன்பாரமும் பின்பாரமும்: டிராக்டர் டிரெய்லரின் கணக்கு

காவிரி டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி என எந்தப் பட்டத்து நெல்லானாலும், அறுவடை இயந்திரத்திலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும், அது டிராக்டரில் பூட்டிய டிரெய்லரில் வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. டிராக்டர் வாங்கும் விவசாயி அதன் குதிரைத்திறனையும் டீசல் செலவையும் துருவித் துருவி விசாரிக்கிறார். ஆனால் டிரெய்லரைக் கோக்கும் கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும், ஏற்றிய பாரத்தில் எவ்வளவு அந்தக் கொக்கியின் மேல் விழுகிறது என்பதையும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பாரத்துடன் செல்லும் வண்டி திருப்பத்தில் திரும்புமா, ஆற்றங்கரையில் ஏறும்போது முன்சக்கரம் தரையில் நிற்குமா என்பதை முடிவு செய்வதில் குதிரைத்திறனைவிட இவ்விரண்டுக்கே பங்கு அதிகம்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. இரண்டு சக்கரங்களின் மேல் தராசுபோல நிற்கும் அவ்வண்டியில் மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரமாகி நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் தள்ளி அடுக்கினால் பின்பாரமாகி நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். ஆகவே சிறிதளவு முன்பாரம் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே வண்டிக்காரரின் வழக்கம். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே விதிதான் என்றாலும், மாடு தன் வருத்தத்தை உடனே காட்டிவிடும், டிராக்டரோ கடைசி நொடிவரை காட்டாது.

டிரெய்லர்களில் இரண்டு வகை உண்டு. ஒற்றை அச்சில் இரண்டு சக்கரம் கொண்டது தன் பாரத்தில் ஒரு பகுதியை டிராக்டரின் கொக்கி மேல் இறக்குகிறது. அந்தப் பாரம் டிராக்டரின் பின்சக்கரங்களை அழுத்துவதால், சேற்றிலும் ஈர மண்ணிலும் அவை வழுக்காமல் பிடித்து இழுக்கின்றன. நான்கு சக்கரம் கொண்டதில் முன் அச்சு ஒரு வட்டத்தட்டின் மேல் திரும்பும்படி அமைந்து, இழுகம்பியும் கீல்போல மேலும் கீழும் அசைவதால், கொக்கியின் மேல் விழும் பாரம் மிகக் குறைவு. சாலையில் நீண்ட தூரம் செல்ல நான்கு சக்கரம் வசதியானது. வயலிலிருந்து மேடேறிச் சாலைக்கு வரவேண்டிய டெல்டாவில் இரண்டு சக்கரத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அதில் பாரம் அடுக்குபவரின் கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அந்தக் கை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கொள்முதல் நிலையச் சிப்பம் ஒன்றுக்கு 40 கிலோ என்பதால் 75 சிப்பம் என்பது 3,000 கிலோ. கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரம் என்றும், மூட்டைகளின் எடை மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் அமைந்திருக்கிறது என்றும் கொண்டால், கொக்கியின் மேல் விழுவது சுமார் 300 கிலோ. அதே மூட்டைகளின் எடை மையம் இன்னும் ஒரு சாண், அதாவது ஏறத்தாழ 23 செ.மீ., முன்னால் நகர்ந்தால் கொக்கிப் பாரம் 530 கிலோ ஆகிவிடுகிறது. மாறாக, எடை மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் டிரெய்லர் கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். வேகம் கூடும்போது டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு குருங்குளம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்புப் பாரத்தில் இந்தப் பின்பார ஆபத்து அதிகம்.

முன்பாரம் நல்லதென்றால் அதற்கும் ஓர் எல்லை வேண்டும். கொக்கி டிராக்டரின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அதை அழுத்தும் பாரம் பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு முன்பக்கத்தைத் தூக்குகிறது. இரண்டு டன் எடையும், சக்கர அச்சுகளுக்கிடையே 2 மீட்டர் இடைவெளியும், முன்சக்கரங்களின் மேல் 750 கிலோவும் உள்ள ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். பின் அச்சிலிருந்து 60 செ.மீ. தள்ளியிருக்கும் கொக்கியில் 530 கிலோ அழுத்தினால் முன்சக்கரப் பாரத்தில் சுமார் 160 கிலோ குறைகிறது. எட்டடிக்கு ஓரடி உயரும் கரைச் சரிவில் ஏறும்போது டிராக்டரின் சொந்த எடை பின்னோக்கிச் சாய்வதால் ஏறத்தாழ 90 கிலோவும், 50 செ.மீ. உயரக் கொக்கியில் 600 கிலோ விசையோடு இழுப்பதால் 150 கிலோவும் மேலும் குறைந்து, மீதம் நிற்பது 350 கிலோதான். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களின் மேல் இருந்தால்தான் ஸ்டீயரிங் கட்டுப்படும் என்பது பொதுவான விதி. இந்த டிராக்டருக்கு அது 400 கிலோ. கொக்கியை 80 செ.மீ. உயரத்துக்கு மாற்றினால் இழுவையால் குறைவது 240 கிலோவாகி, முன்சக்கரத்தில் 260 கிலோதான் எஞ்சும். கொக்கித் தாங்கியில் பல துளைகள் இருப்பது உயரத்தைத் தேவைக்கேற்ப மாற்றத்தான். பின்னைச் செருக எளிதாக இருக்கிறது என்பதற்காக மேல் துளையைத் தேர்ந்தெடுப்பவர், தெரியாமலே முன்சக்கரத்தைத் தரையிலிருந்து பிரிக்கிறார்.

முன்பக்கம் தூக்கும் இந்த ஆபத்து டிராக்டர் தோன்றிய காலத்திலிருந்தே இருக்கிறது. பின்னால் வெறுமனே கட்டி இழுக்கப்பட்ட கலப்பை, பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டபோது, அக்காலத்து டிராக்டர்கள் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றன. இதற்குத் தீர்வு தேடியவர்களுள் முதன்மையானவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். கருவியை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு ஓருடலாகப் பிணைத்து, ஹைட்ராலிக் விசையால் அதன் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் அவரது அமைப்புக்கு 1926இல் காப்புரிமை கிடைத்தது. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் தாங்கி வருவது அவருடைய பெயரைத்தான். ஆனால் இந்த மூன்று புள்ளி இணைப்பு கலப்பைக்கும் ரோட்டவேட்டருக்கும் ஏற்பட்டதே தவிர, டிரெய்லருக்கு அன்று. ஹைட்ராலிக் கைகளுக்கிடையே உள்ள துளைப்பட்டையில் டிரெய்லரைக் கோத்துக் கைகளை உயர்த்தினால், இழுக்கும் புள்ளியும் கூடவே உயர்ந்து, மேற்சொன்ன கணக்கு தலைகீழாகிவிடும்.

இதைவிடக் கொடியது, சேற்றில் புதைந்த டிரெய்லரை இன்னொரு டிராக்டரால் இழுக்கும்போது சங்கிலியைக் கொக்கியில் மாட்டாமல் பின் அச்சின் மேலோ, மேல் இணைப்புக் கம்பியின் புள்ளியிலோ கட்டுவது. பின்சக்கரம் மண்ணில் சிக்கிச் சுழலாமல் நின்றுவிட்டால், எஞ்சின் தன் விசையைச் சக்கரத்தைச் சுழற்றுவதில் செலவிட முடியாமல் டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரம் எழும்பிய கணத்திலிருந்து வண்டி மல்லாந்து விழ ஒன்றரை நொடி போதும். கிளட்ச்சை மிதிக்க நினைப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

இனி, அதிர்வைத் தாங்கும் அமைப்பு. காருக்கு இருப்பதுபோல் டிராக்டரின் பின் அச்சில் ஸ்பிரிங் கிடையாது. அங்கே டயரிலுள்ள காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. டிரெய்லரில் கமான் பட்டை, அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு, பொருத்தப்படுவதுண்டு. பாரம் ஏற்றியதும் வண்டி தாழ்கிறதென்று பட்டறையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பவர்கள், வண்டியின் சுமைதாங்கும் திறனே கூடிவிட்டதாக எண்ணுகிறார்கள். அச்சும் சக்கரமும் டயரும் தாங்கும் எல்லை சிறிதும் மாறவில்லை. தாழ்வது மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே. அமெரிக்காவில் காரின் பின்னால் வீட்டு டிரெய்லர்களை இழுத்துச் செல்வோர் செய்யும் தவறும் இதுவே. கொக்கியில் 10 முதல் 15 விழுக்காடு பாரம் விழும்போது காரின் பின்பக்கம் தாழ்கிறது. காற்றுப் பை வைத்து அதை நிமிர்த்தினால் கார் மட்டமாக நிற்கும், ஆனால் முன்சக்கரம் இழந்த பாரம் திரும்பி வராது. அதைத் திரும்பக் கொண்டுவர, கொக்கியோடு சேர்த்து முறுக்கேற்றிய எஃகுத் தண்டுகளால் பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் தனி இணைப்பை அங்கே பயன்படுத்துகிறார்கள். டிராக்டரில் அந்த வேலையைச் செய்வது முன் பம்பரில் மாட்டும் இரும்பு எடைகளே.

பிரேக் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வயலில் சட்டெனத் திரும்புவதற்காக டிராக்டரில் இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. சாலைக்கு வருமுன் அவ்விரண்டையும் கொண்டியால் பூட்டி ஒன்றாக்காவிட்டால், ஒரு சக்கரம் மட்டும் நின்று, பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, வண்டி மடங்கிக் குறுக்கே நிற்கும். தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 83 போன்ற வேகச் சாலைகளில் இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

எடைமேடை உள்ள ஏதேனும் ஓர் அரிசி ஆலையில், பாரம் ஏற்றிய டிரெய்லரைக் கோத்தபடியே டிராக்டரின் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தினால், சமதளத்தில் கொக்கிப் பாரம் போக முன்சக்கரங்களில் எஞ்சுவது ஒரே எண்ணாக வந்துவிடும். கரைச் சரிவாலும் இழுவையாலும் குறைவது அதில் சேராது. அவ்விரண்டையும் கழித்தபின் எஞ்சுவது டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் மூட்டைகளைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், கொக்கியை ஒரு துளை இறக்க வேண்டும், அல்லது முன் எடை மாட்ட வேண்டும். சம்பா அறுவடை தொடங்குமுன் ஒருமுறையாவது டிராக்டர் உரிமையாளர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.