பந்துவீச்சின் பலாபலம்

அறுவடை முடிந்து ஈரம் வற்றிய திருநள்ளாற்று வயல்களில், தை மாசி மாலைகளில் கிரிக்கெட் ஆடும் இளைஞர்களிடையே எந்த நாட்டின் பந்துவீச்சு வலியது என்ற தர்க்கம் எழும்போதெல்லாம், பந்தின் வேகமும் விக்கெட் எண்ணிக்கையுமே பிரமாணங்களாக எடுத்துரைக்கப்படுகின்றன. தனி வீரர்களின் கீர்த்தியைக் கூட்டி ஓர் அணியின் பலத்தை நிர்ணயிப்பது பொருந்தாது என்பது என் திடமான அபிப்பிராயம். 1999 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய டெஸ்ட் பந்தயமே அதற்குச் சாட்சி.

அப்பந்தயத்தில் நம்மவர்களின் பந்துவீச்சு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. முதல் இன்னிங்ஸில் அனில் கும்ப்ளே 70 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இரண்டாவதில், 4 விக்கெட்டுக்கு 275 என்று செழித்திருந்த பாகிஸ்தானை 286-இல் சுருட்டிய வெங்கடேஷ் பிரசாத், 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். ஆயினும், இரு முறையும் பாரத்தின் பெரும்பகுதியை ஒரு தோளே சுமந்தது.

எதிரணியின் முறை வேறு. 271 ஓட்டங்களை நாடி இந்தியா ஆடத் தொடங்கியதும், வக்கார் யூனிஸ் தொடக்க ஆட்டக்காரர் இருவரையும் வெளியேற்றினார். இடக்கை வேகத்தால் வாசிம் அக்ரம் மூவரையும், சுழற்பந்தால் சக்லைன் முஷ்டாக் ஐவரையும் வீழ்த்த, வேகம் ஓய்ந்த முனையில் சுழலும், சுழல் ஓய்ந்த முனையில் வேகமும் மாறி மாறி நின்று, ஆட்டக்காரருக்கு இளைப்பாற இடமே தரவில்லை. முதுகுவலியைச் சகித்து 136 ஓட்டங்கள் குவித்த டெண்டுல்கர், ஆஃப் ஸ்பின்னுக்குரிய அதே கையசைவில் புறப்பட்டு எதிர்த்திசையில் திரும்பும் சக்லைனின் ‘தூஸ்ரா’வைத் தூக்கியடிக்க முயன்று, வாசிம் அக்ரமின் கையில் பிடிகொடுத்தார். அப்போது 254, எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களில் சரிய, 12 ஓட்டங்களில் வெற்றி நழுவியது. வென்ற அணியை எழுந்து நின்று கரகோஷத்தால் கௌரவித்த சென்னை ரசிகர்களின் பெருந்தன்மை என்றும் போற்றத்தக்கது.

அடுத்த வாரமே டெல்லியில், ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் கும்ப்ளே 74 ஓட்டங்களுக்கு வீழ்த்தினாரே, அது தனியொருவரின் பராக்கிரமம் அன்றோ எனக் கேட்கலாம். கும்ப்ளேயின் மகத்துவத்தில் ஐயமில்லை. எனினும், கடைசி விக்கெட்டும் அவருக்கே கிட்டட்டும் என்று, மறுமுனையில் ஸ்டம்புகளை விட்டு விலக்கியே பந்து வீசிய ஸ்ரீநாத்தின் தியாகமும் அச்சாதனையில் கலந்திருக்கிறது.

2018 முதல் புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் ஆடிவருவதால், காரைக்கால் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கும் இன்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. தன் ஓவரில் விக்கெட் விழாவிடினும், ஓட்டங்களை இறுக்கிப் பிடித்து மறுமுனைக்காரனுக்கு விக்கெட் தேடித் தருபவனும் அணியின் பலமே என்பதை அவர்கள் இளமையிலேயே உணர்தல் வேண்டும்.