முதல் குடிகள் – 9: பெகுவிஸின் பேரப்பிள்ளைகள்

விலங்கு ரோம வணிகம் க்ரீ பழங்குடி மக்களின் வாழ்க்கையை எப்படிப் புரட்டிப் போட்டது என்று சென்ற வாரம் பார்த்தோம். வணிகப் படகுகளோடு வந்த பெரியம்மை அதைவிடக் கொடியது. 1780-களின் தொடக்கத்தில் அது கனடாவின் சமவெளியில் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போனது. வினிபெக் ஏரியில் கலக்கும் ரெட் ஆற்றங்கரையில் க்ரீக்களும் அசினிபாயின்களும் வாழ்ந்த முகாம்கள் பல வெறிச்சோடின. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பேரேரிகள் பக்கமிருந்து ஓஜிப்வே மக்களின் கூட்டமொன்று அங்கே வந்து குடியேறியது. மிச்சமிருந்த க்ரீக்கள் அவர்களை விரட்டவில்லை. சேர்ந்து வேட்டையாடினார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இன்று மனிட்டோபா மாகாணத்தில் பெகுவிஸ் என்ற பெயரில் வாழும் சமூகத்தின் வேர் அந்த உறவில்தான் இருக்கிறது. ஓஜிப்வேயா, க்ரீயா என்று கேட்டால் அங்கே பல குடும்பங்களுக்கு இரண்டும்தான் பதில்.

பெகுவிஸ் என்பது ஓஜிப்வே தலைவர் ஒருவரின் பெயர். 1812-இல் ஸ்காட்லாந்திலிருந்து செல்கிர்க் பிரபு அனுப்பிய ஏழைக் குடியானவர்கள் வந்து இறங்கியபோது, அந்தக் குளிரில் எப்படிப் பிழைப்பது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவருடைய மக்கள். 1816-இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலில் அந்தக் குடியேற்றத்தின் ஆளுநரும் இருபது பேரளவில் அவருடைய ஆட்களும் இறந்தார்கள். அந்த உடல்களை எடுத்துப் புதைத்தவரும் பெகுவிஸ்தான்.

மறு ஆண்டு, 1817 ஜூலை 18 அன்று, செல்கிர்க்குடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஐந்து தலைவர்கள் தங்கள் குலச்சின்னமான விலங்குகளைக் கோட்டோவியமாக வரைந்து ஒப்பமிட்டார்கள். ஆற்றின் இருகரையிலும் இரண்டு மைல் அகல நிலம். அதற்கு ஈடாக ஓஜிப்வேக்களுக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டு புகையிலை, க்ரீக்களுக்கும் நூறு பவுண்டு. இரண்டு இனத்தாரும் அந்தக் காகிதத்தில் சமமாக நிற்கிறார்கள். நிலத்தை நாங்கள் விற்கவே இல்லை என்பதுதான் பெகுவிஸ் பிற்காலத்தில் ஓயாமல் சொன்ன வாதம். 1857-இல் லண்டனில் இருந்த பழங்குடிப் பாதுகாப்புச் சங்கம் வரைக்கும் அவருடைய முறையீடு போனது. கேட்பார் இல்லை.

1840-இல் அவர் ஞானஸ்நானம் பெற்று வில்லியம் கிங் ஆனார். தந்தை 'அரசர்' என்பதால் பிள்ளைகள் 'பிரின்ஸ்' என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். செயின்ட் பீட்டர்ஸ் என்ற அவர்களுடைய குடியிருப்பில் ஓஜிப்வேக்களோடு, வடக்குச் சதுப்பு நிலங்களிலிருந்து வந்த க்ரீக்களும் கோதுமையும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். வெள்ளையர் வைத்த பெயர்களையும் மதத்தையும் ஏற்றுக்கொண்ட பிறகும் அவர்கள் தங்கள் மொழியைப் பேசினார்கள், வேட்டையை விடவில்லை. மதம் மாறியதால் அடையாளம் போய்விட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த ஊரின் கதையைப் படிக்க வேண்டும்.

1864-இல் பெகுவிஸ் இறந்தார். 1871 ஆகஸ்ட் 3 அன்று கனடா அரசுடன் முதலாம் ஒப்பந்தத்தில் அவர் மகன் ஹென்றி பிரின்ஸ் கையெழுத்திட்டார். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்பது கணக்கு. அந்த நிலமும் நிலைக்கவில்லை. அது செல்கிர்க் நகரத்தை ஒட்டிய வளமான மண். அதன்மேல் பலருக்குக் கண். 1907 செப்டம்பரில், போதிய முன்னறிவிப்பே இல்லாமல் கூட்டம் கூட்டி, கையோடு ரொக்கப் பணத்தையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, நிலத்தை அரசிடம் ஒப்படைப்பதா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள் அதிகாரிகள். ஆதரவு 107, எதிர்ப்பு 98. அவ்வளவுதான், மக்கள் வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஃபிஷர் ஆற்றோரம் தள்ளப்பட்டார்கள். சிலர் நகர மறுத்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள், சிறைக்கும் போனார்கள். விசாரித்த ஆணையத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்படைப்பு செல்லாது என்று சொன்ன பிறகும், 1916-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிலம் வாங்கியவர்களின் உரிமையை உறுதிசெய்தது. இதைத் திருட்டு என்றுதான் நான் சொல்வேன்.

கனடா அதைச் செல்லாத ஒப்படைப்பு என்று ஏற்றுக்கொண்டது 1998-இல். ஏறத்தாழ 12.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு மக்கள் ஒப்புதல் அளித்தது 2009-இல். அதற்குள் ஒரு நூற்றாண்டு போய்விட்டது. பணம் வந்தது, பழைய மண் வரவில்லை. புதிய இடமோ தாழ்வான வெள்ளப்படுகை. 2022 வசந்தத்தில் ஃபிஷர் ஆறு பெருகியபோது இரண்டாயிரம் பேரளவில் வெளியேற்றப்பட்டார்கள். 1907-இல் நடந்ததன் விலையை அவர்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று பெகுவிஸ் மனிட்டோபாவின் மிகப்பெரிய பழங்குடிச் சமூகங்களில் ஒன்று. ஒப்பந்தப்படி தலைக்கு ஐந்து டாலர் இன்றும் ஆண்டுதோறும் தரப்படுகிறது. 1875-இல் நிர்ணயித்த தொகை, ஒரு காசு கூடவில்லை. அதை வைத்து என்ன வாங்க முடியும் என்பது அங்கே யாருக்கும் முக்கியமில்லை. ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்பதற்கு அது சாட்சி, அதனால் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

கனடாவில் குடியேறிய நம் உறவுகள் வினிபெக் போனால், செல்கிர்க் அருகே ஆற்றின் கிழக்குக் கரையில் நிற்கும் பழைய செயின்ட் பீட்டர்ஸ் கல் தேவாலயத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பெகுவிஸ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

(தொடரும்)